பத்துக்குப் பன்னிரண்டு

என் அக்கா சிவபாக்கியத்தின் புருஷன் யோகராஜ் டைல்ஸ் வாங்கின கதையைப் பெருமாள்மலையில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். வீட்டைக் கட்டின ஆளுக்கு வீட்டு அளவு தெரியவில்லையாம். சிரிக்கிற ஒருத்தரும் லயத்தில் பிறந்தவரில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கிடக்கிற அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. காம்பரா என்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையல், படுக்கை, பிரசவம், சண்டை எல்லாம் அதற்குள்தான். பொண்ணு கொடுத்த தோட்டத்திலும் அதே அளவு, பொண்ணு எடுத்த தோட்டத்திலும் அதே அளவு. எங்களில் யாரும் ஒரு அறையை அளந்து பார்த்ததே கிடையாது. எதற்கு அளக்கணும்?

எழுபதுகளில் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் என்று எங்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிவைத்தார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பிறகு கொடைக்கானல் காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலை. இங்கேயும் ஒற்றை அறைதான் கிடைத்தது. மச்சான் பட்டை உரித்தார், உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தார், வட்டக்கானலில் கெஸ்ட்ஹவுஸுக்கு விறகு பிளந்தார். மகள் மகாராணியை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்கள். திரும்பிப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, "சிலோன்காரங்க இன்னும் லயத்துலதான் கெடக்காங்க" என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்து வருகிறவர்கள் நல்ல ஹாலில் உட்கார்ந்து காபி குடிக்கணும், லயம் என்கிற பேச்சே அவர்கள் வாயில் வரக்கூடாது என்று அவருக்கு ஒரே வைராக்கியம்.

இரண்டாயிரத்து ஐந்தில் பெருமாள்மலையில் சொந்த வீடு எழும்பியது. கொத்தனார் கயிறு பிடிக்கும்போது மச்சான் நேராக நடந்துபோய் நின்றார்.

"ஹாலு நான் நிக்கிற எடம் வரைக்கும் வரணும்."

"எதுக்குங்க இம்புட்டுப் பெருசு?" என்றார் கொத்தனார்.

மச்சான் இன்னும் இரண்டெட்டு தள்ளிப்போய் நின்றார். சுவரும் அங்கேதான் எழும்பியது.

டைல்ஸ் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். பால்வெள்ளையில் இளம்பச்சைக் கொடி ஓடுகிற டிசைனை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு, "ஹால் என்ன அளவுங்க?" என்றார்.

மச்சான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பத்துக்குப் பன்னெண்டு."

பக்கத்தில் நின்ற எனக்கும் அது தப்பாகப் படவில்லை. படாதுதான். எங்கள் ஆட்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். கடைக்காரர் கணக்குப் போட்டு, உடைசலுக்கென்று கொஞ்சம் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்.

டைல்ஸ் ஒட்ட வந்த சேனாதிபதி பெட்டிகளைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், டேப்பை இழுத்தார்.

"அண்ணே, இது பதினாலுக்குப் பதினாறு. ஒங்க சரக்கு பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். எவன் குடுத்த அளவு இது?"

"நாந்தான்" என்றார் மச்சான். தரையில் கிடந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், "காம்பரான்னா பத்துக்குப் பன்னெண்டுதானே, மாப்ள?" என்று என்னிடம் கேட்டார். சின்னப்பிள்ளை கேட்கிற குரல். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் கோபமில்லை. தோட்டத்துத் துரைமார் நாலு தலைமுறையை அந்தப் பொந்துக்குள் அடைத்து, அதைவிடப் பெரிய அறை இருக்கும் என்று நாக்குக்கே தெரியாமல் பண்ணிவிட்டார்களே, அவர்களை அந்த நிமிஷம் என்ன செய்தாலும் தகும்.

கடைக்குப் போன் போட்டால், அந்த டிசைன் முடிந்துவிட்டது, இனி வராது என்றார்கள். திண்டுக்கல்லில் இல்லை. பழனியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாறையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். சேனாதிபதிதான் வழி சொன்னார்.

"நடுவாப்புல இத ஒட்டிருவோம். சுத்தி ரெண்டடிக்கு ரெட் ஆக்ஸைடு பூசிட்டா ஜமுக்காளம் விரிச்சாப்புல அம்சமா இருக்கும்ணே. வெரசா முடிச்சுரலாம்."

வேறு வழியில்லை. அப்படியே செய்தார்.

வந்தவர்கள் அசந்துபோனார்கள். "தரைய இப்படிப் போடணும்னு யாரு சொன்னா? ரொம்ப எடுப்பா இருக்குங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நடு டைல்ஸில் சப்பணமிட்டு உட்கார்ந்து காபி குடித்தார்கள். அங்கேயே தட்டு மாற்றினார்கள். அக்கா சந்தோஷத்தில் அழுதாள். மச்சான் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று கூப்பிட்டார்கள்.

"இருக்கட்டுங்க. எனக்கு இங்கனயே தோது."

எல்லோரும் ஜமுக்காளம் என்று சொன்னதை அவர் கண் காம்பராவாகத்தான் பார்த்தது. தன் காசில், தன் வீட்டின் நட்டநடுவில், தன் வாயால் அளவு கொடுத்து அதைப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் அந்த டைல்ஸில் கால் வைத்து நான் பார்க்கவில்லை. சோறு, படுக்கை, டிவி எல்லாம் அந்த இரண்டடி சிவப்புத் தரையில்தான். டைல்ஸைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அக்கா திட்டினாள். பேரப்பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினார்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "கப்பலேறி வந்தும் விடல பாத்தியா, மாப்ள."

நாலு வருஷம் கழித்து மார்கழிப் பனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கி டைல்ஸ் மேல் கிடத்தினார்கள்.

"நடுவுல கெடக்கட்டும். சுத்தி வந்து பாக்க வசதியா இருக்கும்" என்றார் ஒருத்தர்.

"அங்க வேணாம், ஓரத்துக்கு மாத்துங்க" என்று நான் கத்தினேன். அவர் காலைப் பிடித்து நானே இழுத்தேன். துக்கத்தில் உளறுகிறான் என்று இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள்.