மூடாத கேன்களின் தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது என் மேசை மேல் கிடந்த ஒரு துண்டுத் தாள். அமிலமா காரமா என்று பார்க்கும் தாள். பச்சையாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது. அடுத்துத்தான் கடையில் கேன் கழுவும் அம்மாவைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையை உள்ளே வைக்காமல் கையிலேயே பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார்.

நெய்வேலியில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் காய்ச்சி வடித்து விற்கும் சிறிய கடை அது. பத்திரிகை ஒன்றில் இரண்டு வருடம் பிழை திருத்திவிட்டு, படித்த வேதியியலுக்குத் திரும்பி, அங்கே பரிசோதனையும் பதிவேடும் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் அந்த அம்மாவுக்குக் கேன் கழுவி நிரப்புவது வேலை. பாதிக் கேன்கள் முன்பு பேட்டரி ஆசிட் இருந்தவை.

முந்தைய நாள் வாடிக்கையாளர் ஒருவர் பத்துக் கேன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். தண்ணீரில் ஆசிட் இருக்கிறதாம். முதலாளி தானே தாளை நனைத்துப் பார்த்து, விடிவதற்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார். அந்த அம்மாவுக்குப் பதிலாக மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வேறு ஆள் வரப்போவதாகச் சொன்னார்.

"வடிக்கிற குழாயில புடிச்சா பச்சை. கேன்ல மஞ்சள். நடுவுல யாரு கை பட்டது?" என்றார் என்னிடம்.

அவர் வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு தபா அலசுறேன் சார். ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துகினுதான் ரொப்புறேன். சாயங்காலம் ரொப்பி, விடியிற வரைக்கும் மூடிகூட போடறதில்ல. சூடா மூடுனா கேன் ஒடுங்கிப்பூடும்னு அவருதான் தெறந்து வெக்கச் சொன்னாரு."

கடைசி வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

நடுநிலை என்றால் தண்ணீரில் எதுவுமே இல்லாத நிலை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு சுத்தமான நீரிலும் மிகச் சிறு பகுதி தானாகவே உடைந்து ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்தே இருக்கும். இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் நடுநிலை. இருபத்தைந்து டிகிரியில் பி.எச். மீட்டர் அதை ஏழு என்று காட்டும். ஹைட்ரஜன் அயனி கூடினால் எண் இறங்கும். இறக்குவதற்கு ஆசிட் கேன் தேவையில்லை, காற்று போதும். காற்றில் உள்ள கரியமில வாயு கரைந்து மெல்லிய அமிலமாகிவிடும். குவார்ட்டர்ஸ் வீட்டுக் குழாய்த் தண்ணீரை இரவெல்லாம் திறந்து வைத்தாலும் அதில் கரைந்திருக்கும் உப்புகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் தாங்குவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் கேனில் பழைய ஆசிட் இல்லை என்பதற்கு இது சாட்சியாகாது. அதனால் முதலாளியிடம் ஒரு நிபந்தனை சொன்னேன். திரும்பி வந்த கேனிலிருந்தே எடுத்துக் கொதிக்க வைப்பேன். பேட்டரி ஆசிட் என்றால் கொதித்தாலும் போகாது, எண் கீழேயே நிற்கும். காற்றிலிருந்து வந்தது என்றால் ஆவியோடு வெளியேறி, எண் ஏழை நோக்கி ஏறும்.

"ஏறலன்னா?"

"நீங்க சொன்னதுதான் சரி."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வேலையை நான் பந்தயம் வைத்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

முதலில் கொதிக்காத தண்ணீர். இவ்வளவு சுத்தமான நீரில் மீட்டர் எண் நிலைகொள்ளாமல் ஆடும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில துளி விட்டால் நிற்கும். அது நடுநிலையான உப்பு, கணக்கைக் கெடுக்காது. ஐந்து புள்ளி ஏழில் நின்றது.

பிறகு டீ போடும் அடுப்பில் கண்ணாடிக் குடுவையை வைத்தேன். இருபது நிமிடம் கொதித்தது. இறுக மூடி, வாளித் தண்ணீரில் ஆற வைத்தேன். சூடாக இருக்கும்போது அளக்கக் கூடாது. வெப்பத்தில் நடுநிலையின் எண்ணே ஏழுக்குக் கீழே இறங்கிவிடும். காத்திருந்த நேரத்தில் முதல் ஷிப்ட் பஸ்கள் கடையைத் தாண்டிப் போயின. முதலாளி இரண்டு முறை குடுவையைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மா உட்காரவில்லை. பையையும் கீழே வைக்கவில்லை.

ஆறு புள்ளி எட்டு. ஊற்றும்போது கொஞ்சம் காற்று கலந்திருக்கும். அதையும் பதிவேட்டில் எழுதினேன். மற்ற ஒன்பது கேன்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கொதிக்க வைத்தேன். அதுவும் ஆறு புள்ளி எட்டு.

முதலாளி எண்ணைப் பார்த்துவிட்டு மஞ்சள் தாளைக் குப்பைக் கூடையில் போட்டார். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போன் செய்து ஆள் வேண்டாம் என்றார். அந்த அம்மாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "உள்ள போம்மா, நேரமாச்சு" என்றார்.

அந்த அம்மா நகரவில்லை.

"இனிமே மூடவா, தெறந்து வெக்கவா மொதலாளி? அப்பறம் ஒடுங்கிப்போச்சு, ஒன் கைதான்னு சொல்லக் கூடாது."

"மூடு. ஒடுங்கினா ஒடுங்கட்டும்."

"சார், அதையும் நோட்டுல எழுதிக்குங்க."

எழுதினேன். அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பை உள்ளே போனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முந்தைய மாலை நிரப்பிய முப்பது கேன்களும் மூடியிருந்தன. நான்கு ஒடுங்கியிருந்தன.