அரிக்கிற கை

தாப்பாவுக்குப் போகிற வழியில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்று இருப்பதாகச் சிறு வயதிலிருந்தே கேள்வி. ஈப்போவிலிருந்து சைக்கிளில் வந்த நான், இன்று அதைப் பார்த்தே தீருவதென்று சாலையை விட்டுத் திரும்பிவிட்டேன். ஜப்பான்காரன் ஆட்சியில், ரப்பர் விளைகிற நாட்டிலேயே டயர் கிடைக்கவில்லை. சக்கரத்தில் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டி ஓட்டுகிறேன். இடுப்பு கழன்றே போயிற்று.

சுரங்கம் என்று எதுவும் இல்லை. ஜப்பான்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பே மூடிவிட்டார்களாம். துருப்பிடித்த இரும்பும் ஓர் ஓடையும்தான் மிச்சம். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு தமிழ்ப் பெண் டூலாங் என்கிற மரத்தட்டைச் சுழற்றுகிறாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள், தோட்டத்தில் வேலை நின்றுவிட்டது என்கிறாள். மணல் வழிந்து போகிறது. தட்டின் அடியில் கடுகளவு பொன் மினுங்குகிறது.

"யாரு சொல்லிக் குடுத்தா, தங்கச்சி?"

"இதுக்கு எதுக்குண்ணே வாத்தியாரு? அரிசியில கல்லு அரிக்கிற மாதிரிதான். கனமானது கீழ நிக்கும். அரிசிதான் இப்ப இல்ல, தினமும் மரவள்ளி. அரிக்கிற கை இருக்குலா."

என் பையில், அண்ணன் வீட்டுக்கு ஒளித்துக் கொண்டுபோகிற அரிசி இருக்கிறது. இரண்டு கை அள்ளி நீட்டுகிறேன்.

"சும்மா வேணாம்ணே."

பொன்னை என் உள்ளங்கையில் ஒற்றி வைத்த பிறகுதான் தட்டை நீட்டுகிறாள். அதே தட்டில் அரிசியைச் சுழற்றுகிறாள். அரிசி கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய பழைய ரப்பர்ப் பால் வாளிக்குள் வழிகிறது. கடைசியில் அடியில் மூன்று கற்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றை என்னிடம் காட்டுகிறாள், பொன்னைக் கொடுத்தபோது இல்லாத சிரிப்போடு.