எலிக்கு மட்டும்

“எலிக்கு மட்டும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையோடு வேறு மேசைக்குப் போகிறாள். கேட்டவர் பாவம், புதிதாக வந்த கணக்காளர். “நீங்க கண்டுபிடிச்சது எதுக்கு உதவும் மேடம்?” என்று மரியாதைக்குக் கேட்டார். லிஃப்டில் கேட்டாலும் மேடையில் கேட்டாலும் அவளிடம் இருப்பது இந்த ஒரே பதில்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. “எலிக்கு மட்டும் வந்தாச்சா?” என்று வாசலில் விசாரித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பல் இருக்கிறது.

அவள் வெட்டித் தரும் எலி மூளைச் சீவல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. அத்தனை மெல்லிய சீவல், ஒன்றில்கூடக் கிழிசல் இருக்காது. வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எலிகளைக் கொஞ்சமாட்டாள், திட்டவும் மாட்டாள். மதியச் சாப்பாடு நின்றுகொண்டேதான். மாலையானால் ரயிலைப் பிடிக்கிறவள் போல ஓடுவாள்.

அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். எலிக்கு மருந்து கொடுத்து முதலில் சின்ன வலிப்பு ஒன்றை வரவழைப்போம். மறுநாள் பெரியது. சின்னதைப் பார்த்துவிட்ட மூளையில் பெரியதன் சேதம் குறைகிறது. முதல் அடி விழுந்ததும் செல்லுக்குள் சில புரதங்கள் பெருகி, பல மரபணுக்களின் வாயை அடைத்துவிடுகின்றன. வீட்டில் பெரியவர்கள் சண்டை போடும்போது பிள்ளைகள் மூலையில் ஒடுங்குவார்களே, அப்படி அடங்கிக் கிடந்து செல் உயிர் தப்புகிறது. அந்தப் புரதங்களைக் குறைத்தால் பாதுகாப்பும் போய்விடும். புரதங்கள் இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு சில நாள்தான் நிற்கும்.

இதையெல்லாம் அவள் வாய் ஓயாமல் பேசிய காலம் உண்டு. கேட்கிற ஆள் அவள் அண்ணன். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலிப்பு. மாத்திரை போட்டதும் வலிப்பு நின்றது, கையும் மந்தமானது. முதலாளி இயந்திரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரைக் காகிதக் கட்டுகளைக் கட்ட உட்காரவைத்தார். அது அவருக்குத் தினமும் செத்துப் பிழைக்கிற மாதிரி இருந்தது. தங்கை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், “இன்னைக்கு என்னடி கண்டுபிடிச்ச?” என்பார். தட்டில் ரொட்டி காய்ந்துபோகும் வரை அவள் பேசுவாள். ஒரு நாள், “எலிக்குச் சின்ன வலிப்பு வந்தா மூளை உஷாராயிடுதுண்ணா. அப்புறம் பெரிசு வந்தாலும் தாங்கிக்குது” என்றாள். சில நாள்தான் என்பதைச் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவர் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி, போய்த் துப்ப ஆரம்பித்தார். கையில் பழைய வேகம் திரும்பியது. இயந்திரமும் திரும்பக் கிடைத்தது. நடுவில் வந்த சின்ன வலிப்புகளை வீட்டில் மறைத்துவிட்டார். அச்சகத்தில் மட்டும், “ஒவ்வொண்ணும் தடுப்பூசி மாதிரிப்பா. என் தங்கச்சி டாக்டரு, அவளே சொல்லிட்டா” என்று பெருமையடித்திருக்கிறார். அவள் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர், மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல.

கடைசியாக வந்த வலிப்பு நிற்கவே இல்லை. மருத்துவமனையில் ஊசி மேல் ஊசி போட்டு நிறுத்தினார்கள். உயிர் மிஞ்சியது. பழையதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது, புதிதாக எதுவும் தங்குவதில்லை. அதே வாரம் எங்கள் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்று இயக்குநர் கேக் வெட்டினார். அவள் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

வீட்டில் நடந்ததெல்லாம் அவள் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணி அவளிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாராம்: “நீ சொன்னதைத்தானேம்மா அவரு நம்புனாரு?” அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு நாள் உட்காரவைத்துத் திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். அண்ணிக்கு அந்தத் தாராளம் இல்லை.

மாலை மாத்திரை இப்போது அவள் பொறுப்பு. ஒருமுறை நானும் கூடப் போனேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை ஓரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மயிரிழை பிசகினாலும் கலைத்து மறுபடி அடுக்கினார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாடி டாக்டரு! இன்னைக்கு என்ன கண்டுபிடிச்ச?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி திரும்பிப் பார்க்கிறார் என்பது எனக்கே முதுகில் தெரிந்தது. அவள் மாத்திரையை அவர் நாக்கில் வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள்.

“சொல்லேன்டி, உன் எலிங்க...” என்று மாத்திரையோடே குழறினார்.

அவள் இரண்டு விரலால் அவர் உதடுகளைச் சேர்த்து மூடினாள். அவர் விழுங்கித் தொண்டை ஏறி இறங்கிய பிறகும் விரல்களை எடுக்கவில்லை.