மூன்றாம் முடிச்சும் குதிகால் செருப்பும்

என் மகன் கல்யாணம், ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில். மாப்பிள்ளையின் தங்கையாக மூன்றாம் முடிச்சுப் போடவேண்டிய என் மகள், மணவறைக்குப் பத்தடி தள்ளியே நிற்கிறாள். ஹை ஹீல்ஸ் ஈரப்புல்லில் இறங்கிவிட்டது. "கழட்டிட்டு ஓடுடி" என்றால், "செத்த இரும்மா, சேலை தரையில இழுபடும்" என்கிறாள்.

இந்தப் பதிலை அறுபதுகளிலேயே கேட்டுவிட்டேன். சேவுகம்பட்டித் தென்னந்தோப்பில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். முதல்நாள் வாய்க்கால் பாய்ந்த புல்லில் பச்சை வாசமும் மட்டை ஊறிய வாசமும். நாத்தனார் முடிச்சுக்காக மெட்ராஸிலிருந்து வந்த அத்தை, குதிகால் செருப்போடு முளைக்குச்சி மாதிரி நின்றாள்.

"ஏத்தா, அந்தக் கருமத்தைக் கழட்டிட்டு வா!" என்று அப்பா கத்தினார்.

"சேலை சேறாயிரும்ண்ணே!"

கெட்டிமேளம் காத்திருக்குமா? பக்கத்தில் நின்ற பங்காளி வீட்டுப் பெண் முடிச்சைப் போட்டுவிட்டாள். அத்தை சேலையில் ஒரு பொட்டுச் சேறில்லை. பந்தியில் உட்காராமல் அழுதாள். பிறகு தீபாவளி தவறாமல் சித்தியிடம், "ஒனக்கு முடிச்சுப் போட்டது நான் இல்லையே" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இங்கே நாதஸ்வரம் வேகமெடுக்கிறது. பட்டுச்சேலையோடு சேற்றில் மண்டியிட்டு மகளின் செருப்பு வாரை அவிழ்க்கிறேன்.

"அம்மா, ஒன் சேலை!"

"போய்த் தொலைடி!"

வெறுங்காலோடு ஓடுகிறாள். மூன்றாம் முடிச்சு விழும்போது நான் புல்லில்தான் கிடக்கிறேன், அந்தச் செருப்பைப் பிடுங்கமுடியாமல்.