ராஜகிரியில் இறங்கிய வெள்ளைப் பெட்டி

யுத்த காலம் அது. வானத்தில் எது தெரிந்தாலும் செஞ்சியே அண்ணாந்து பார்க்கும். அன்று மாலை, ராஜகிரி மலைப் பக்கம் சிவப்புப் பாராசூட் குடை ஒன்று எதையோ தொங்கவிட்டபடி மிதந்து இறங்கியது. "குண்டு போட்டுட்டான்!" என்று யாரோ கத்த, கடைத்தெருவே கலைந்தது. துணிக்கடை பாய் என்னைப் பிடித்து உலுக்கினார். "வாத்தியாரே, உங்க பொண்ணு மலைப் பக்கம் ஓடிச்சு!"

இருவரும் ஓடினோம். என் மகள் வசந்தா வழுக்குப் பாறையின் விளிம்பில் நின்றிருந்தாள். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி; அதிலிருந்து நீண்ட கயிறு, மேலே குடையோடு புதரில் சிக்கியிருந்தது.

"தூக்கி எறிடி!" என்று கத்தினேன்.

"நைனா, இது குண்டு இல்ல. மேல தமிழ்லயே எழுதியிருக்குது. பலூன்ல கட்டி வுட்டதாம். வானத்துல எவ்ளோ சூடு, எவ்ளோ ஈரம்னு பாக்கற கருவி."

அவள் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. "எறிடி!" என்று அலறினேன். அந்தச் சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் திரும்ப, கால் வழுக்கியது. பெட்டியை மட்டும் அவள் விடவில்லை. கயிறு அவளை இழுத்துப் பிடித்த அந்த நொடியில் பாய் பாய்ந்து அவள் கையைப் பற்றிவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, குண்டவிட உங்க சத்தம்தான் பெருசு" என்றார், மூச்சிரைக்க.

வசந்தா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உடையல நைனா. இதுல போட்டிருக்கற விலாசத்துக்குத் திருப்பி அனுப்பிடலாமா?"

என் பேச்சைக் கேட்டுப் பெட்டியை எறிந்திருந்தால் இன்று அவள் இல்லை. இப்போதும் அவள் கிணற்றை எட்டிப் பார்த்தால் கூச்சல் தொண்டை வரை வருகிறது. அதை விழுங்கிக்கொண்டு, மெதுவாக அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன்.