கல்லாவில் யார் உட்காருவது

வயிற்றுப்பாட்டுக்காகக் கடை வைத்தவள் என்றுதான் ஊரில் இன்றும் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வயிற்றுப்பாடாவது மண்ணாவது! வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. ஆத்திரத்தில் வைத்த கடை அது.

கைச்செலவுக்கு ஆகட்டுமே என்று நாமக்கல் சாலையில் ஒரு ஓட்டலில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கிரைண்டர் ஏது? கோழி கூவுமுன் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால், விடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். லாரிக்காரர்கள் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு முதலாளியின் கைராசியைப் புகழ்வார்கள். அந்த ஆளும் கூச்சமே இல்லாமல் பல்லைக் காட்டுவார்.

அறுபதுகளின் நடுவில், மூத்தவள் வயிற்றில் இருந்த சமயம். ஒருநாள் ஆட்டி முடித்து எழுந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கொல்லையில் உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் வந்து, காலியாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏம்மா, எந்திரி எந்திரி. ஆளுக வர்ற நேரம். பொம்பளைங்க உக்கார்ற எடமா இது?” என்றார் முதலாளி.

“தலை சுத்துதுங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் போயிடறனுங்க.”

“அதையப் பின்னால போய்க் குடி.”

எழுந்து வீட்டுக்கு வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. என் தோட்டை விற்று, சாலையைப் பார்த்திருந்த எங்கள் வீட்டு வாசலில் ஓலைச் சாய்ப்பு போட்டேன். பெஞ்சு, அண்டா, கல்லாப்பெட்டி எல்லாம் வாங்கினேன். வீட்டுக்காரர் தடுக்கவுமில்லை, ஒரு கை கொடுக்கவுமில்லை. “உன்ற இஷ்டம்” என்றதோடு சரி.

கடை திறந்த அன்று முதல் ஈடு இட்லியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், மனுஷர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்! சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்து, “முதலாளி, சட்னி பிரமாதமுங்க” என்கிறார். இவரும் பல்லைக் காட்டுகிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டல்காரராவது அந்நியர். இவர்?

“ஏனுங்க, எந்திரிங்க.”

“சும்மா இரு புள்ள. கல்லாவுல பொம்பள உக்காந்தா எவன் வருவான்?”

“வர்றவன் வரட்டுங்க. நீங்க எந்திரிங்க.”

சாப்பிடுகிறவர்கள் கை அப்படியே நின்றது. அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கையிலிருந்த இட்லித் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். ஆவி முகத்தில் அடித்து எழுந்தாரோ, ரோஷத்தில் எழுந்தாரோ, எழுந்தார். நான் உட்கார்ந்தேன். கல்லாப்பெட்டியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒருவர் பாதியில் எழுந்து போனார். போகட்டும்! மற்றவர்கள் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து காசு கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. காலையில் வருவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார், போவார். அந்த ஒரு மாதத்தில் என் இட்லியை ஒருநாளாவது வேண்டாம் என்றாரா என்றால், அதுதான் இல்லை.