புதுப்பட்டன் காசு

என் மாமாவுக்குப் பந்தல்குடியில் பஞ்சர் கடை. தூத்துக்குடி ரோட்டில் போகிற வருகிற லாரிகளுக்கு அவரைத் தாண்டிப் போக வழியில்லை. கடைக்கு ஆள் வர வேண்டும் என்று அவரே ரோட்டில் ஆணி தூவுகிறார் என்று அப்பா கேலி பேசுவார். அபாண்டம்! பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தெடுத்த காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தினமும் காலையில் ரோட்டோரமாக இழுத்துக்கொண்டே நடந்து, கிடக்கிற ஆணியையெல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் கடையைத் திறப்பார். தன் பிழைப்பில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்கிற ஆளை அப்பா அதற்கு முன் பார்த்ததில்லை, பாவம்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. பீடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு பழைய காசு. லாரிக்காரர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ கொண்டுவந்து கொடுப்பார்கள். நாள் முழுக்க ரப்பரும் கிரீஸுமாகக் கிடக்கிற கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் காசைத் தொடுவார். அதுவும் விளிம்பில், இரண்டே விரலால்.

காசு சேர்க்கிற மற்றவர்கள் தேய்மானத்துக்கும் காயத்துக்கும் என்னென்ன பெயர் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது டயர். அதனால் டயர் பாஷையிலேயே பெயர் வைத்துக்கொண்டார். டயரின் மேல் மேடு மேடாக இருக்கிற கட்டைக்குப் பட்டன் என்று பெயர், ஓட ஓட அது தேயும். ராஜாவின் தாடி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் புதுப்பட்டன். தாடி இருக்கிறது, முடி தெரியவில்லை என்றால் அரைப்பட்டன். ராஜாவா ராணியா என்றே சந்தேகம் வந்துவிட்டால் மொட்டை. ஆனால் மொட்டையை அவர் மட்டமாகப் பேசமாட்டார். தேய்வது வேறு, அடிபடுவது வேறு என்பது அவர் கட்சி. நூறு கை மாறித் தேய்ந்த காசுக்கு மரியாதை உண்டு. பைக்குள் ஒன்றோடொன்று மோதி விழுந்த பள்ளம் மூட்டைக்காயம், அதையும் மன்னிக்கலாம். கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது, ஆணியால் கீறியது எல்லாம் ஆக்சிடென்ட். எல்லாவற்றையும்விடக் கேவலம், பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய காசு. "குளிப்பாட்டிட்டாக. இனி தூக்க வேண்டியதுதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

லீவுக்குப் போய்ப் போய் எனக்கும் அந்தப் பாஷை தொற்றிக்கொண்டது. கணக்கு டீச்சரின் செருப்பை அரைப்பட்டன் என்று சொன்னதற்காக வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருக்கிறேன்.

மாமாவிடம் புதுப்பட்டன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிரீடம் வைத்த ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். வடக்கத்தி லாரி டிரைவர் ஒருவருக்குக் கொட்டுகிற மழையில் நாலு டயர் கழற்றி மாட்டிவிட்டு, கூலி வேண்டாம், இதைக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டு வாங்கியது. மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில் படுக்கப் போட்டிருந்தார். எனக்குப் பொங்கலன்று மட்டும் காட்டுவார். மூச்சுக்காற்றுப் பட்டால் மங்கிவிடுமாம். நான் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு ராஜாவின் தாடி முடியை எண்ணுவேன். ஒரு தடவையும் எண்ணி முடித்ததில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ராஜா காசு இருந்தது. அதே வெள்ளி ரூபாய்தான், ஆனால் மொட்டை. அப்பா வழியில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முப்பதாம் நாள் அதை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டுவார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் காசு மஞ்சள் துணியில் முடியப்பட்டு டிரங்குப் பெட்டிக்குப் போய்விடும். பெரிய அத்தை, அப்பா, சித்தப்பா, நான், தம்பி எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு தவழ்ந்தவர்கள். பூப்போட்ட பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள் உண்டு. பல் முளைக்கிற காலத்தில் அப்பா கடித்த தடம் என்று பெரிய அத்தை வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் காட்டுவார்.

தம்பியின் முப்பதுக்கு வந்த மாமா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தோமா, சாப்பிட்டோமா என்று இருக்கக் கூடாதா? "பச்சப்புள்ள பல்லு வெள்ளியில பதியுமா மதினி? இது ஆணி வெட்டு" என்றார்.

"ஒங்க வீட்டுப் புள்ளைக பல்லு பதியாது தம்பி. எங்க வீட்டுப் புள்ளைக பல்லு பதியும்" என்றார் பெரிய அத்தை.

பந்தி முடிகிறவரைக்கும் அம்மா யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கயிற்றில் கோப்பதற்கு முன் அந்தக் காசைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது சித்தப்பாவைக் கட்டிய சித்தி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்குன்னு எடுத்து வச்சிருங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அம்மா எடுத்து வைத்திருந்தார். நாலு வருஷம் கழித்து, எனக்குப் பத்து வயதில், சித்திக்குப் பெண் பிறந்தது.

முப்பதுக்கு இன்னும் மூன்று நாள். எனக்கு அந்தப் பல் விவகாரம் மனதை விட்டுப் போகவேயில்லை. காசை மறுபடி மாமாவிடம் காட்டி, அது எங்கள் அப்பா பல்தான் என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும். அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். பஸ்ஸுக்குப் போகிற குறுக்குப் பாதை காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய கரிசல் காட்டைத் தாண்டிப் போகும். சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கை நுழைகிற வெடிப்பு. ஆள் ஆழம் போகும் என்பார்கள். நடந்துகொண்டே, மாமா மாதிரியே காசை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். மாமாவின் விரலுக்கு நிற்கிற காசு என் விரலுக்கு நிற்குமா? நழுவி வெடிப்புக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். உள்ளே சூடுதான் இருந்தது. எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினால் சித்தி முகம் வந்து நின்றது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. விழுந்த இடம் தெரிய வேண்டுமே என்று செருப்பை அங்கேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறி மாமா கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாமா திட்டவில்லை. பைக்கில் என்னை உட்காரவைத்துக் காட்டுக்கு வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், நீளக் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்த்தார், கிண்டக் கிண்ட மண்தான் சரிந்தது. வியர்த்துப்போய்க் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டை எந்த எடத்துல மருமகளே?"

"கிரீடத்துக்கு மேல மாமா. விளிம்புல இருந்து ஒரு நெல்லு தள்ளி."

"தேய்மானம்?"

"ராஜா பக்கம் முழு மொட்டை. பூப்பக்கம் அரைப்பட்டன்" என்றேன், அழுகைக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக.

"அந்த... பல்லு?"

"மூணு. பூவுக்குக் கீழ வரிசையா இருக்கும். நடுவுல உள்ளது பெருசு."

பேனாவை எடுத்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். வெடிப்புக்குள் வேறு யார் காசாவது கிடந்து, மாற்றி எடுத்துவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"நீ வீட்டுக்குப் போ. யாருகிட்டயும் மூச்சு விடாத. காந்தத்தக் கட்டி உள்ள எறக்குனா தானா ஒட்டிக்கிட்டு வந்துரும். நான் எடுத்துட்டு வாரேன்" என்றார்.

காந்தம்! இவ்வளவு நேரம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே! அந்த நிமிஷமே பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு, அடுத்த இரண்டு நாளும் அம்மா டிரங்குப் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

முப்பதாம் நாள் காலையில் மாமாவின் பைக் வந்து நின்றது. இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். அம்மா பதறிக் கேட்டதற்கு வீல் டிஸ்க் நசுக்கிவிட்டது என்றார். அம்மா அந்தப் பக்கம் போனதும், காகிதத்தில் மடித்த காசை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். ஓட்டை, மொட்டை, வரிசையாக மூன்று பல். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் காசு மட்டும் முன்னைவிட வெளுத்திருந்தது.

"கழுவுனீகளா மாமா?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டேன்.

"கரிசல் மண்ணு அப்பிக் கெடந்துச்சு. கழுவ வேண்டியதாப் போச்சு" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். ஊரெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டு இவரே குளிப்பாட்டிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஓடிப்போய் மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

சித்தி மடியில் பிள்ளை. பெரிய அத்தைதான் கயிறு கட்ட வேண்டும். காசை எடுத்தவர் சும்மா கட்டினாரா? பூப்பக்கத்தைத் திருப்பி, ஆள்காட்டி விரலால் தடவி, கூட்டத்துக்கு நடுவில் மாமாவைத் தேடிப் பிடித்தார்.

"நல்லாப் பாருங்க தம்பி. இது பல்லா, ஆணி வெட்டா? இப்பவாச்சும் ஒத்துக்கிடுறீகளா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அம்மா கண்ணாலேயே தம்பியைக் கெஞ்சினார்.

"ஒத்துக்கிடுறேன் மதினி. பல்லுதான்" என்றார் மாமா.

அத்தைக்குப் பிடிபடாத சந்தோஷம். அன்றைக்கு மாமாவின் இலையில் விழுந்த கறி வேறு யார் இலையிலும் விழவில்லை. சித்தி மட்டும் சாப்பிட வரவில்லை. பிள்ளையின் வயிற்றில் கிடந்த காசை நேராக வைப்பதும், அது சரிவதும், மறுபடி நேராக வைப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் சார் மேசைமேல் ஒரு காந்தத்தை வைத்தார். ஆணி ஒட்டியது, ஊக்கு ஒட்டியது. வெள்ளிச் சாமான் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். என் கொலுசைக் கழற்றிக் கொடுத்தேன். ஒட்டவில்லை. வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று சொல்லிவிட்டு அவர் செம்புக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் அந்த மேசையில் நின்று கொலுசைக் காந்தத்தின்மேல் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதியது, துணி சுற்றிய கட்டைவிரல், வெளுத்த காசு, டயருக்கு வைத்திருக்கும் அரமும் டிரில்லும் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கண் நிறைந்துவிட்டது. கொலுசு தொலைந்துபோய் அழுகிறேன் என்று நினைத்துப் பியூன் அண்ணன் வந்து தேடிக் கொடுக்கப் பார்த்தார்.

மாமாவிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் காசு கரிசலுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. மாமா கொண்டுவந்த மற்றது, சித்தியின் பெண்ணுக்குப் பிறகு மூன்று இடுப்புகளில் கிடந்துவிட்டது. போன வருஷம் ஒரு முப்பதில் அதை விளிம்பில் பிடித்துப் பார்த்தேன். கூராக இருந்த ஓட்டையின் வாய் கயிறு உரசி வழவழப்பாகிவிட்டது, நிறமும் கறுத்துவிட்டது. அரம் தேய்த்தது போக, மேலே இப்போது பிள்ளைகள் தேய்த்த தேய்மானம். மாமா பாஷையில் மரியாதையான மொட்டை.

சித்தி பெண்ணின் முப்பது முடிந்து அடுத்து வந்த பொங்கலன்று நான் வழக்கம்போல மாமா முன்னால் போய் உட்கார்ந்து, மூச்சையும் பிடித்துக்கொண்டேன். மாமா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சு மட்டும் இருந்தது, அதில் வட்டமாக ஒரு பள்ளம்.

"எங்க மாமா?"

"ஒரு எடத்துக்குக் குடுத்துட்டேன் மருமகளே."

"திரும்பி வருமா?"

"வராது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்ததே ஒரே ஒரு புதுப்பட்டன். பெரிய மனுஷி மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போனாப் போகுது விடுங்க மாமா. ஒங்க காசு போனா என்ன, எங்க காசு கெடச்சிருச்சுல்ல" என்றேன்.

மாமா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அது போதும் மருமகளே" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் நல்லபடியாக ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில், இன்னொரு துண்டு கரும்பு கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.